அம்ஹாரிக் மொழியின் ஒலிகளும் 'நான், நீ, அவர்' சொற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தியோப்பியாவில் ஆசிரியர் பணிக்கும் பிற பணிகளுக்கும் செல்லும் தமிழர்கள் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். அங்கே ஒரு சிறு நகரத்தில் பாடம் நடத்திய ஆண்டுகளில் இவற்றில் பெரும்பாலானவை எனக்கும் எழுந்தவையே. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

எத்தியோப்பியாவுக்குப் போனால் அம்ஹாரிக் மட்டும் தெரிந்தால் போதுமா? எல்லாரும் அதைத்தானே பேசுகிறார்கள்?

இல்லை. அந்நாட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. 1995ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் எல்லா மொழிகளுக்கும் சமமான ஏற்பை அளித்து, கூட்டாட்சி அரசின் அலுவல் மொழியாக அம்ஹாரிக்கை வைத்தது. தலைநகர் அத்திஸ் அபெபாவிலும் வடக்கே அம்ஹாரா மாநிலத்திலும் அது தெருவின் மொழி. ஒரோமியாவில் ஒரோமோ, வடகோடியில் திக்ரிஞ்ஞா, கிழக்கே சோமாலி என்று பயணிக்கப் பயணிக்க மொழி மாறும். மேற்கே சூடான் எல்லையை ஒட்டிய பெனிஷாங்குல்-குமுஸ் மாநிலத்தின் அசோசா நகருக்குப் பணி கிடைத்தவர்கள் அக்கம்பக்கத்தில் பெர்த்தா மொழியைக் கேட்பார்கள். அது நைலோ-சஹாரா மொழிகளோடு சேர்த்து எண்ணப்படுவது. அம்ஹாரிக்கோ அரபி, எபிரேயம் ஆகியவற்றைப் போலச் செமித்திய மொழி. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அம்ஹாரிக்கோடு அந்த ஊரின் மொழியில் வணக்கமும் நன்றியுமாவது சொல்லக் கற்றுக்கொண்டு போவதே அங்குள்ள மக்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

அவர்கள் எழுத்து 200க்கு மேல் இருக்கிறதாமே! அதைக் கற்காமல் தமிழிலேயே எழுதி வைத்துப் படிக்கக் கூடாதா?

தொடக்கத்தில் படிக்கலாம். 'ஃபிதெல்' எனப்படும் அவ்வெழுத்து முறையில் 33 அடிப்படை எழுத்துகளும் ஒவ்வொன்றுக்கும் 7 உயிர் வடிவங்களுமாக 231 எழுத்துகள் உள்ளன. உயிர்மெய் என்ற கருத்து நமக்குப் பால பாடம் என்பதால் அந்த எண்ணிக்கை தமிழரை அச்சுறுத்த வேண்டியதில்லை. ஆயினும் முதல் மாதத்துக்குத் தமிழ் எழுத்து உதவும். ஓரிடத்தில் ஃபிதெலை விடவும் நன்றாக உதவும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஆனால் தமிழில் எழுதியதைத் தமிழாகவே படித்துவிடும் ஆபத்து உண்டு. 'பாதி' என்பதில் வரும் தகரத்தையும் 'அந்த' என்பதில் வரும் தகரத்தையும் நம் நாக்கு தானாகவே மென்மையாக்கிவிடுகிறது. அம்ஹாரிக்கில் வன்மையான தகரமும் மென்மையான தகரமும் வெவ்வேறு எழுத்துகள். 'நகரம்' என்று பொருள்படும் 'கெதெமா'வில் வரும் தகரம் 'பத்து' என்பதில் ஒலிப்பதைப் போன்றது. 'பாதி'யில் ஒலிப்பதைப் போன்றதன்று. ஆணைப் பார்த்து 'நீ' என்னும் 'அன்தெ'யிலும் அவ்வாறே. நான் என் குறிப்பேட்டில் வன்மையாகச் சொல்ல வேண்டிய இடங்களில் அடிக்கோடு இட்டு வைத்திருந்தேன்.

இந்தப் பக்கத்தில் சகரம் எப்போதும் 'பச்சை'யின் சகர ஒலியைக் குறிக்கும். மற்றதற்கு ஸகரத்தை எழுதுகிறேன். எகரம், அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் நிற்கும் ஓர் உயிரைக் குறிக்கும். சொல் முதலில் உள்ள இகரமும் 'தில்' போன்றவற்றில் உள்ள இகரமும் உண்மையில் நம் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானவை: 'நாடு' என்று பேச்சில் சொல்லும்போது இதழ் குவியாமல் கடைசியில் நிற்கும் அந்த ஒலிதான் அது. பிற நாட்டார் வாரக்கணக்கில் திணறும் இந்த உயிர் நமக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது.

தொண்டையில் எதையோ உடைப்பது போல ஒரு சத்தம் போடுகிறார்களே, அது என்ன? எப்படி வரவழைப்பது?

மொழியியலில் அதை வெடிப்பொலி வகையில் தொண்டை அடைத்துச் சொல்லும் ஒலி என்று விளக்குவார்கள். க, த, ச, ப, ஸ ஆகிய ஐந்துக்கும் அம்ஹாரிக்கில் இத்தகைய இணை உண்டு. இங்கே அவற்றை எழுத்தின் பின் ஒரு சிறு குறியிட்டு க', த', ச', ப', ஸ' என்று எழுதுகிறேன். நாட்டின் பெயரையே அவர்கள் 'இத்யோப்'ப்யா' என்று ப' ஒலியோடுதான் சொல்கிறார்கள். அவர்களின் அன்றாட உணவாகிய, தோசை போன்ற இன்ஜெராவைச் சுடப் பயன்படும் தானியம் தெ'ஃப். ஓட்டப் பந்தய வீரர் கெனெனிஸா பெகெலேயின் இரு பெயர்களிலும் உள்ள ககரம் க' தான். ஆங்கில எழுத்தில் அது வெளியே தெரிவதில்லை.

வரவழைக்கும் வழி இது. மூச்சை இழுத்து, கனமான பொருளைத் தூக்கும்போது செய்வது போலத் தொண்டையை அடைத்துக்கொள்ளுங்கள். அந்த அடைப்பை விடாமல், நுரையீரலிலிருந்து காற்று சிறிதும் வராமல், வாய்க்குள் இருக்கும் காற்றைக் கொண்டே 'க்' என்று சொல்லுங்கள். விறகு முறிவதைப் போன்ற ஒரு சிறு தெறிப்பு கேட்கும். அதன் பிறகே தொண்டையைத் திறந்து உயிரைச் சேர்க்க வேண்டும். க' முதலில் வரும், த' அடுத்து வரும், ஸ' கடைசியாக வரும். ஸ' வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். பேச்சுவழக்கில் பலர் அதை த' ஆக்கிவிடுகிறார்கள். சூரியனை ஸெ'ஹாய் என்றும் தெ'ஹாய் என்றும் சொல்லக் கேட்பீர்கள். நோன்பைக் குறிக்கும் ஸோ'ம் என்ற சொல்லும் தோ'ம் என்று ஒலிக்கும். சைவ உணவுக்காரர்கள் இச்சொல்லை முதல் நாளே கற்றுக்கொள்ளட்டும்: எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையினர் புதன், வெள்ளிக் கிழமைகளில் இறைச்சியும் பாலும் முட்டையும் தவிர்ப்பதால், 'நோன்புச் சாப்பாடு' என்று கேட்டால் பருப்பும் காய்கறியும் இன்ஜெராவின் மேல் வந்து சேரும்.

சாதாரண த, க போட்டுப் பேசினால் புரிந்துகொள்ள மாட்டார்களா? அவ்வளவு முக்கியமா?

பல இடங்களில் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் 'தில்' என்றால் புழு, 'தி'ல்' என்றால் சண்டை. 'மெத்'தா' என்றால் வந்தான், 'மெத்தா' என்றால் அடித்தான். தாமதமாக வந்த ஒரு மாணவனைப் பற்றித் துறைத் தலைவர் கேட்டபோது, அவன் வந்துவிட்டான் என்று சொல்ல எண்ணி நான் 'மெத்தா' என்றேன். அவர் பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து, 'யாரை?' என்று கேட்டார். அன்று மாலை வீட்டில் அந்த ஒரு சொல்லை நூறு முறையாவது சொல்லிப் பழகியிருப்பேன். 'வந்தான்' என்பது நாள் முழுவதும் தேவைப்படும் சொல். அதில் பிழை விடுவது நமக்கும் நல்லதன்று, நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கும் நல்லதன்று.

ஒரே எழுத்தை அழுத்தியும் அழுத்தாமலும் படிக்கிறார்கள். எப்போது அழுத்துவது என்று புத்தகத்தில் போடவே இல்லையே?

ஃபிதெல் எழுத்தில் ஒற்று இரட்டிப்பதைக் காட்டுவதில்லை. முன்பு நான் குறிப்பிட்ட இடம் இதுதான்: 'எடு', 'எட்டு' என்று நாம் எழுத்திலேயே பிரித்துக் காட்டுவதை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். 'அலெ' என்றால் 'சொன்னான்'. 'அல்லெ' என்றால் 'இருக்கிறது'. எழுத்தில் இரண்டும் ஒன்றே. 'கெனா' என்றால் 'இன்னும்', 'கென்னா' என்றால் கிறிஸ்துமஸ் (இரண்டிலும் முதல் எழுத்து 'கங்கை'யின் ககரம்). 'வானா' நீச்சல், 'வான்னா' முதன்மையானது. வினைச்சொற்களில் இது இன்னும் ஆழமாகச் செல்கிறது: 'யிமெதால்' என்றால் 'அடிக்கிறான்', 'யிம்மெத்தால்' என்றால் 'அடிபடுகிறான்'. செய்வினை செயப்பாட்டு வினையாவதற்கு ஒற்று இரட்டிப்பதே போதுமானதாக இருக்கிறது.

ஆகவே புதுச்சொல் ஒன்றைக் கேட்டவுடன் தமிழில் ஒற்றோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைநகரின் நீல வெள்ளை மினிபஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் பயணிகள் 'வெராஜ் அல்லெ' என்று குரல் கொடுப்பார்கள். 'இறங்குபவர் இருக்கிறார்' என்பது அதன் நேர்ப்பொருள். அந்த லகரத்தை இரட்டித்துச் சொல்லிப் பழகினால் 'அல்லெ' வாழ்நாள் முழுவதும் மறக்காது.

நம் ழ, ள, ண எல்லாம் அதில் உண்டா? குறில் நெடில்?

ழ, ள, ண, ட ஆகிய நாமடி ஒலிகள் இல்லை. குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதும் இல்லை. ஃபகரமும் ஷகரமும் நிறைய உண்டு. ஞகரம் தாராளமாக வரும். 'நாங்கள்' என்பதற்கான சொல்லே 'இஞ்ஞா'. பகரத்தில் மட்டும் ஒரு சிறு செய்தி: 'பஸ்'ஸில் நாம் சொல்லும் மென்மையான பகரம் இரு உயிர்களுக்கு இடையில் வரும்போது இதழ்கள் முழுதும் மூடாமல் வகரத்தின் பக்கம் சாய்ந்து ஒலிக்கும். 'அபெபா' (மலர்) என்று சொல்லிப் பாருங்கள். 'அத்திஸ் அபெபா' என்றால் 'புது மலர்'.

நான், நீ, அவன், அவள்: இவற்றுக்கெல்லாம் ஒரே மூச்சில் பட்டியல் தர முடியுமா?

தருகிறேன். நான் என்பது இனே. நீ என்பதற்கு ஆணிடம் அன்தெ, பெண்ணிடம் அன்சி. மரியாதைக்குரிய ஒருவரிடம், ஆணானாலும் பெண்ணானாலும், இர்ஸ்வோ. அவன் இஸ்ஸு, அவள் இஸ்ஸ்வா, அவர் இஸ்ஸாச்செவ். நாம், நாங்கள் இரண்டுக்கும் இஞ்ஞா. பலரைப் பார்த்து நீங்கள் என்பது இன்னன்தெ. அவர்கள் என்பது இன்னெஸ்ஸு.

முன்னிலையிலேயே ஆண், பெண் என்று பிரிவதுதான் நமக்குப் புதியது. தமிழில் 'வந்தாய்' என்று யாரிடமும் சொல்லலாம். அவர்களிடம் ஆணிடம் 'மெத்'தாஹ்', பெண்ணிடம் 'மெத்'தாஷ்'. 'எப்படி இருக்கிறாய்' என்பதும் ஆணிடம் 'இந்தெமின் நெஹ்', பெண்ணிடம் 'இந்தெமின் நெஷ்', பெரியவரிடம் 'இந்தெமின் நோத்' என்று மூன்றாகும். ஹகரம் ஆணுக்கு, ஷகரம் பெண்ணுக்கு என்ற ஒரு குறிப்பை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பெரியவர்களிடம் 'நீங்கள்' என்று பன்மையில் பேசுவதுதானே மரியாதை? அப்படியானால் 'இன்னன்தெ' என்று சொல்லலாம் அல்லவா?

தமிழர்கள் தவறாமல் செய்யும் பிழை இது. நமக்கு 'நீங்கள்' என்ற ஒரே சொல் பன்மைக்கும் மரியாதைக்கும் பயன்படுகிறது. அவர்களுக்கு 'இன்னன்தெ' பலரைப் பார்த்துச் சொல்வது மட்டுமே. எங்கள் தெருமுனையில் காபி வறுத்து ஊற்றிக் கொடுக்கும் ஒரு மூதாட்டியிடம் முதல் வாரத்தில் நான் 'இன்னன்தெ' என்றேன். அவர் திரும்பித் தமக்குப் பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு தம் மார்பில் கை வைத்து, மெதுவாக 'இர்ஸ்வோ' என்று சொல்லிக் கொடுத்தார். அதைவிடத் தெளிவான இலக்கணப் பாடத்தை நான் கேட்டதில்லை.

ஆனால் வினைமுற்று வேறு கதை. 'இர்ஸ்வோ', 'இஸ்ஸாச்செவ்', 'இன்னெஸ்ஸு' மூன்றுக்கும் 'வந்தார், வந்தார்கள்' என்பதற்கு ஒரே வடிவம்: 'மெத்'து'. அதாவது மரியாதைக்குரிய ஒருவருக்குச் சுட்டுப்பெயர் தனி, வினை மட்டும் படர்க்கைப் பன்மை. 'அவர்கள் வந்தார்கள்' என்று ஒரே பெரியவரைச் சொல்லும் நம் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எளிதில் பிடிபடும். யாரிடம் எதைச் சொல்வது என்று தெரியாவிட்டால், உங்களைவிட மூத்தவராகத் தோன்றும் எவரிடமும் 'இர்ஸ்வோ'வில் தொடங்குங்கள். நெருங்கிய பின் அவர்களே 'அன்தெ என்று சொல்' என்பார்கள்.

நான் 'இனே' 'இனே' என்று சொல்லும்போது ஏன் விசித்திரமாகப் பார்க்கிறார்கள்?

தமிழில் 'வந்தேன்' என்றாலே 'நான்' வந்துவிடுவதைப் போல, அங்கும் 'மெத்'தாஹு' என்றாலே போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'இனே' போட்டால் 'மற்றவர் அல்லர், நான்தான்' என்று வலியுறுத்துவது போல ஒலிக்கும். 'அமெஸெகினாலெஹு' என்ற நன்றிச் சொல்லே 'நன்றி கூறுகிறேன்' என்னும் முழு வினைமுற்று. அதனால்தான் முன்பு ஒரு கேள்வியில் தந்த பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட விகுதிகளை மனப்பாடம் செய்யுங்கள் என்று யாரிடமும் வற்புறுத்துகிறேன். பட்டியலில் உள்ள சொற்கள் நாளைக்குப் பத்து முறை வந்தால் விகுதிகள் ஆயிரம் முறை வரும். பாடநூல்கள் பட்டியலை முதல் பக்கத்திலும் விகுதிகளை நூலின் பாதியிலும் வைப்பது கற்பவருக்குச் செய்யும் பெரிய இடையூறு என்பது என் உறுதியான கருத்து.

'எனக்குப் பசிக்கிறது' என்பதை எப்படிச் சொல்வது? 'இனே' இதில் எங்கே வரும்?

வராது. 'ராபெஞ்' என்ற ஒரே சொல் போதும். கடைசியில் உள்ள ஞகர ஒற்றுதான் 'என்னை' அல்லது 'எனக்கு'. பசி வந்து என்னைப் பற்றியது என்பது போன்ற அமைப்பு இது. 'தெ'ம்மாஞ்' என்றால் தாகமாக இருக்கிறது. 'பெர்ரெதெஞ்' என்றால் குளிர்கிறது. பசி, தாகம், குளிர் ஆகியவை நாம் செய்பவை அல்ல, நமக்கு நேர்பவை என்று நம் மொழியைப் போலவே அந்த மொழியும் எண்ணுவதால், ஆங்கிலத்தின் வழியாக இவற்றைக் கற்க முயலாதீர்கள். தமிழிலிருந்து நேரே போனால் அரை மணி நேர வேலை.

உடைமையும் இப்படித்தான். 'எனக்கு இருக்கிறது' என்பது 'அல்லெஞ்'. இங்கே மேலே சொன்ன லகர இரட்டிப்பை நினைவுகூருங்கள்: ஒற்றை லகரத்தோடு 'அலெஞ்' என்றால் 'என்னிடம் சொன்னான்' என்று பொருள் மாறிவிடும். எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் செய்தித்தாள் படிக்கும்போது சூழலே துணை.

'பேத்' என்றால் வீடு. 'பேது' என்றால் 'அவன் வீடு' என்று ஒரு புத்தகமும் 'அந்த வீடு' என்று இன்னொரு புத்தகமும் சொல்கின்றன. எது சரி?

இரண்டும் சரி. என் வீடு பேதே, உன் வீடு ஆணுக்குப் பேதிஹ், பெண்ணுக்குப் பேதிஷ், அவள் வீடு பேத்வா, எங்கள் வீடு பேதாச்சின், அவர்கள் வீடு பேதாச்செவ். அந்த வரிசையில் அவன் வீடு பேது. அதே உகர விகுதிதான் 'குறிப்பிட்ட அந்த' என்ற பொருளையும் தருகிறது. குழப்பம் வரும் இடத்தில் 'யெஸ்ஸு பேத்', அதாவது 'அவனுடைய வீடு', என்று விரித்துச் சொல்வார்கள். (இந்தத் தகரங்கள் எல்லாம் வன்மையானவை, முதல் எழுத்து 'பஸ்'ஸின் பகரம்.)

தண்ணீர் கொடு என்று கேட்க ஆணிடம் ஒரு மாதிரி, பெண்ணிடம் ஒரு மாதிரி மெய்யெழுத்தே மாறுகிறதே, ஏன்?

ஆணிடம் 'வுஹா ஸிதெ'ஞ்', பெண்ணிடம் 'வுஹா ஸிசி'ஞ்'. பெண்பால் முன்னிலை விகுதி இகரம். த' என்ற மெய் அந்த இகரத்தைச் சந்திக்கும்போது நாக்கு மேலண்ணத்துக்கு இழுக்கப்பட்டு ச' ஆகிவிடுகிறது. நம் பேச்சில் 'அடித்தான்' என்பது 'அடிச்சான்' ஆவதும், 'வைத்தாள்' என்பது 'வச்சா' ஆவதும் இதே இயக்கம்தான். 'எடுத்துக்கொள்' என்பதற்கு ஆணிடம் 'விஸெத்' என்பது பெண்ணிடம் 'விஸெஜ்' ஆவதும் அவ்வாறே. அந்தத் தகரம் மென்மையானது என்பதால் ஜகரம் பிறக்கிறது.

பெரியவரிடம் இரண்டும் ஆகாது. 'யிஸ்து'ஞ்' என்று படர்க்கைப் பன்மையில் கேட்க வேண்டும். காரணம், 'இர்ஸ்வோ' பற்றிய விடையில் சொன்னதே. 'வா' என்ற சொல் மட்டும் விதிகளுக்கு அடங்காதது: ஆணிடம் நா, பெண்ணிடம் நெய், பலரிடம் நு, பெரியவரிடம் யிம்து'.

உயிரில்லாத பொருளை 'அவள்' என்று சொல்வதைக் கேட்டேன். அஃறிணை கிடையாதா?

அஃறிணைக்குத் தனி வடிவம் இல்லை. எல்லாம் ஆண்பால் அல்லது பெண்பால். பொதுவாகப் பொருள்கள் ஆண்பாலாகவே பேசப்படும். சூரியனும் நிலவும் நாடுகளும் பெண்பால். இதற்கு மேல் ஓர் அழகான வழக்கம் உண்டு: சிறியதாகவோ அன்புக்குரியதாகவோ தோன்றும் எதையும் பேசுபவர் பெண்பாலாக்கிவிடலாம். ஆகவே இதை விதியாகக் கற்பதைவிட, யார் எதை எப்போது பெண்பாலாகச் சொல்கிறார் என்று கவனித்துக் கேட்பதே நல்லது. அந்த விகுதியில் அவருடைய மனநிலை தெரியும்.

ஒருவரை மரியாதையாக எந்தப் பெயரால் அழைப்பது? கடைசிப் பெயரால்தானே?

கூடாது. எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தம் பெயருக்குப் பின் தந்தையின் பெயர் வரும். 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற அபெபெ பிகிலாவில் அபெபெ அவர் பெயர், பிகிலா அவருடைய தந்தை. முன்னெழுத்தோடு வளர்ந்த நமக்கு இது உடனே விளங்கும். ஆணை 'ஆதோ' என்ற அடைமொழியோடும், மணமான பெண்ணை 'வெய்ஸெரோ' என்ற அடைமொழியோடும், அவரவர் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும். பெயர் தெரியாத கடைக்காரரை 'வெந்திம்மே' (என் சகோதரனே) என்றும், தெருவில் வழி கேட்கும் பெண்ணை 'இஹிதே' (என் சகோதரியே) என்றும் அழைப்பது அன்றாட வழக்கம். 'பேதே'யில் கண்ட 'என்' விகுதியாகிய ஏகாரமே இந்த இரண்டு சொற்களின் இறுதியிலும் இருக்கிறது.